திரும்பும் வண்டியும் நேரே போகும் மனிதரும்

காலை நடைக்கு வரும் எங்கள் கூட்டத்தில் ஒருவர் மகள் வீட்டுக்கு இங்கிலாந்து போய் ஆறு மாதம் இருந்துவிட்டுப் போன மாதம்தான் திரும்பினார். வந்ததிலிருந்து ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார். நடைபாதையில் இவர் நேரே போய்க்கொண்டிருக்கிறாராம். இடது கைப் பக்கம் ஒரு சின்னத் தெரு பிரிகிறதாம். மெயின் ரோட்டிலிருந்து அந்தத் தெருவுக்குள் திரும்ப வந்த கார், இவர் தெருவில் காலே வைக்காதபோதும், நின்றுவிட்டதாம். உள்ளே இருந்த அம்மா கையைக் காட்டி இவரைப் போகச் சொன்னாராம். ஒரு முறை இல்லை, பல முறை.

"அதெல்லாம் அவங்க ரத்தத்துலயே ஊறுனதுங்க. நம்மூர்ல நடக்குமா?" என்றார் கூட்டத்தில் இன்னொருவர். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு ஆட்ட மனம் வரவில்லை. ரத்தத்தில் ஊறிய அந்த விதி எழுத்தில் வந்தது 2022 ஜனவரி 29ஆம் தேதி. நம் வீட்டுப் பேரக் குழந்தைகளைவிட வயதில் சின்னது.

முப்பது வருஷத்துக்கு மேல் கோர்ட் ஆபீசில் வேலை பார்த்தவன் நான். அதில் பெரும் பகுதி மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்குக் கட்டுகளோடுதான் போயிற்று. நம் பக்கத்தில் எம்.சி.ஓ.பி. என்று சொன்னால் வக்கீல் குமாஸ்தா முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் தெரியும். அந்தக் கட்டுகளில் பாதிக்கு மேல், ஏதோ ஒரு முக்கில், ஏதோ ஒரு திருப்பத்தில் நடந்தவைதான். திரும்புகிறவர் நிற்க வேண்டுமா, நேரே போகிறவர் நிற்க வேண்டுமா? கேட்க எளிய கேள்வி. இதற்குப் பதில் சொல்ல உலகம் நூற்றி இருபது வருஷம் எடுத்துக்கொண்டது. அந்தக் கதையைத்தான் இன்று எழுதுகிறேன்.

மோட்டார் வருவதற்கு முன் இந்தக் கேள்வியே கிடையாது. ரோடு எல்லோருக்கும் பொது. மாட்டு வண்டி, குதிரை வண்டி, தலைச்சுமைக்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே ரோட்டில் போனார்கள். வேகமாகப் போகிறவன்தான் பார்த்துப் போக வேண்டும் என்பது பொது வழக்கு. 1860இல் வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 279ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். பொது வழியில் கண்மூடித்தனமாக வண்டி ஓட்டினால் ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம். மோட்டார் காரைக் கண்ணால் பார்க்காதவர்கள், குதிரை வண்டிக்காரரை மனதில் வைத்து எழுதிய பிரிவு அது. அதே வாசகத்தைத்தான் பிற்காலத்தில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் போட்டுக்கொண்டிருந்தோம். 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்து எண் 281 ஆயிற்று. சாரம் அதுவேதான்.

இங்கிலாந்தில் 1865இல் ஒரு சட்டம் போட்டார்கள். நீராவியில் ஓடும் வண்டி ஊருக்குள் மணிக்கு இரண்டு மைல், வெளியே நான்கு மைலுக்கு மேல் போகக்கூடாது. அதற்கு அறுபது கஜம் முன்னால் ஓர் ஆள் சிவப்புக் கொடி பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும்! இன்று படித்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் பார்வையைக் கவனியுங்கள். ஆபத்தைக் கொண்டு வருகிறவன் எச்சரிக்கையையும் கொண்டு வரட்டும் என்கிறது அது. 1896இல் அந்தக் கட்டுகளை அவிழ்த்துவிட்டார்கள். அதே வருஷம் ஆகஸ்டு 17ஆம் தேதி லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற பெண்மணி மோட்டார் கார் மோதி இறந்தார். அந்த நாட்டில் மோட்டார் காருக்குப் பலியான முதல் பாதசாரி அவர். விசாரணை செய்த ஜூரிகள் தற்செயல் மரணம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

பழி எப்படி இடம் மாறியது என்பதை அமெரிக்காவில் பார்க்கலாம். 1923இல் சின்சினாட்டி நகரத்தில் 42,000 பேர் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுத்தார்கள். ஊருக்குள் எந்தக் காரும் மணிக்கு 25 மைலுக்கு மேல் ஓட முடியாதபடி எஞ்சினிலேயே ஒரு கருவி பொருத்த வேண்டும் என்பது கோரிக்கை. மோட்டார் வியாபாரிகளும் கார்க்காரர்கள் சங்கங்களும் அரண்டுபோனார்கள். பணம் திரட்டிப் பிரசாரம் செய்து அந்த வாக்கெடுப்பைத் தோற்கடித்தார்கள். அதோடு விடவில்லை. வண்டியைக் குறை சொல்வதற்குப் பதிலாக நடப்பவனைக் குறை சொல்லும் புது வார்த்தை ஒன்றையும் பரப்பினார்கள். அதுதான் 'ஜே வாக்கர்'. 'ஜே' என்றால் அந்தக் காலத்து அமெரிக்கப் பேச்சில் பட்டிக்காட்டான். நகரத்து ரோட்டில் நடக்கத் தெரியாத பட்டிக்காட்டான் என்று அர்த்தம். 1925இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் நடப்பவர்களைக் கட்டுப்படுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. பிற ஊர்கள் அதைப் பார்த்து எழுதிக்கொண்டன. ஒரு தலைமுறைக்குள் ரோடு வண்டிக்குச் சொந்தமாகி, நடப்பவன் அத்துமீறி நுழைந்தவன் ஆகிவிட்டான். ஒரு கேலி வார்த்தை எவ்வளவு வேலை செய்கிறது பாருங்கள்.

இங்கிலாந்தில் நடந்தது இன்னும் விசித்திரம். 1930இல் கார்களுக்கு இருந்த வேக வரம்பையே எடுத்துவிட்டார்கள். கட்டுப்பாடு வேண்டாம், நல்ல புத்தி சொன்னால் போதும் என்று ஒரு நம்பிக்கை. அந்த நல்ல புத்தியை 1931இல் ஒரு பென்னி விலைக்குச் சின்னப் புத்தகமாகப் போட்டார்கள். அதன் பெயர் ஹைவே கோட். அன்று அந்த நாட்டில் ஓடிய மோட்டார் வண்டிகள் மொத்தமே 23 லட்சம்தான். அதற்கே வருஷத்துக்கு ஏழாயிரம் பேருக்கு மேல் செத்துக்கொண்டிருந்தார்கள். 1934இல் 7,343 பேர். அந்த வருஷம் போக்குவரத்து மந்திரியாக வந்தவர் லெஸ்லி ஹோர் பெலிஷா. லண்டன் கேம்டன் பகுதியில் அவரே ரோட்டைக் கடக்கும்போது ஒரு கார் மயிரிழையில் உரசிப் போனது. மந்திரிக்கே அந்த அனுபவம் கிடைத்தது நல்லதாகப் போயிற்று என்று சொல்லத் தோன்றுகிறது. கடக்கும் இடங்களில் கறுப்பு வெள்ளைக் கம்பமும் அதன் தலையில் ஆரஞ்சு நிற உருண்டையும் நட்டார். இன்றும் அதற்கு 'பெலிஷா பீக்கன்' என்றுதான் பெயர். மறு வருஷம் ஊருக்குள் 30 மைல் வரம்பும், லைசென்சுக்கு ஓட்டுநர் தேர்வும் வந்தன. அந்தக் கடக்கும் இடங்களைத் தரையில் வெறும் ஆணி அடித்துத்தான் காட்டியிருந்தார்கள். ஓட்டுபவர் கண்ணுக்கு அது படவில்லை. அதனால் 1951இல் வெள்ளைப் பட்டை பூசினார்கள். நாம் ஜீப்ரா கிராசிங் என்று சொல்வது அப்படிப் பிறந்ததுதான்.

இதெல்லாம் குறி போட்ட இடங்களுக்கு. குறி ஏதும் இல்லாத கிளைத் தெரு வாயில்? ஊரில் ஜீப்ரா பட்டைகள் நூறு இருந்தால் தெரு முக்குகள் பல்லாயிரம் இருக்கும். ஒருவர் வீட்டை விட்டுக் கடைக்குப் போய் வரப் பத்து முக்கைக் கடக்க வேண்டும். அங்கே ஹைவே கோட் ரொம்ப காலமாகச் சொன்னது இதுதான்: நீங்கள் திரும்பும் தெருவை ஒருவர் ஏற்கெனவே கடக்கத் தொடங்கியிருந்தால் அவருக்கு வழி விடுங்கள். படித்தால் நியாயமாகத்தான் தெரிகிறது. கொஞ்சம் யோசித்தால் அதில் இருக்கும் கோளாறு புரியும். வண்டிக்கு முன்னால் காலை வைத்த பிறகுதான் உரிமை பிறக்கிறது! தைரியசாலிக்கு உரிமை உண்டு. கைத்தடி ஊன்றி விளிம்பில் நிற்கும் கிழவருக்குக் கிடையாது.

2022இல் மாற்றியது இந்த ஒரு இடத்தைத்தான். கடப்பதற்காகக் காத்து நிற்பவருக்கும் வழி விட வேண்டும் என்றார்கள். தெருவுக்குள் திரும்பும் வண்டிக்கும், தெருவிலிருந்து வெளியே வரும் வண்டிக்கும் அது பொருந்தும். சைக்கிளில் நேரே போகிறவரின் குறுக்கே வெட்டித் திரும்பக்கூடாது என்றும், பெரிய வண்டிக்குப் பெரிய பொறுப்பு என்றும் சேர்த்தார்கள். இவை இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும். வட அயர்லாந்துக்குத் தனிப் புத்தகம். இந்த விதியை மீறினால் அதற்காகவே தண்டனை கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் விபத்து நடந்து வழக்கு வந்தால், புத்தகத்தில் இப்படி இருக்கிறதே, ஏன் நிற்கவில்லை என்று கோர்ட்டில் கேட்கலாம். அவர்களுடைய 1988 சட்டத்திலேயே அதற்கு இடம் உண்டு. கோர்ட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அந்த ஒரு கேள்வியின் எடை தெரியும்.

நண்பருக்காக நின்ற அந்தக் கார்க்கார அம்மாவும், பத்து வருஷம் முன்னால் என்றால் நிற்காமல் போயிருக்கலாம். எல்லோரும் நிற்கிறார்கள் என்றும் நான் சொல்லமாட்டேன்.

ஐரோப்பாவின் மற்ற நாடுகள் இதில் முந்திக்கொண்டன. 1968இல் வியன்னாவில் சாலைப் போக்குவரத்துக்காக ஒரு சர்வதேச உடன்படிக்கை எழுதினார்கள். திரும்புகிற வண்டி, தான் நுழையும் சாலையைக் குறுக்கே கடக்கும் சைக்கிள் பாதையில் வருகிறவர்களுக்கு வழி விட வேண்டும் என்று அதன் 16ஆவது விதியில் இருக்கிறது. 1980இல் இந்தியாவும் அந்த உடன்படிக்கையில் சேர்ந்தது. சேர்ந்த செய்தி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நெதர்லாந்து என்றாலே சைக்கிள் நாடு, அங்கே இயற்கையாகவே அப்படி என்று நினைக்கிறோம். 1971இல் அந்தச் சின்ன நாட்டில் சாலையில் இறந்தவர்கள் சுமார் 3,300 பேர். அதில் நானூறுக்கு மேல் குழந்தைகள். சைக்கிள் பாதைகளை எடுத்துவிட்டுக் காருக்கு ரோட்டை அகலப்படுத்திக்கொண்டிருந்த காலம் அது. தன் மகளைச் சாலையில் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் 1972இல் எழுதிய கட்டுரைக்கு வைத்த தலைப்பு 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்'. அதுவே இயக்கத்தின் பெயராயிற்று. தாய்மார்களும் பிள்ளைகளும் ரோட்டில் உட்கார்ந்தார்கள். அடுத்த வருஷம் பெட்ரோல் நெருக்கடியும் வந்து சேர, அரசாங்கம் இறங்கி வந்தது. அப்புறம் அவர்கள் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. கிளைத் தெரு வாயில் நடைபாதையை அறுக்காமல், அதே உயரத்தில், அதே கல்லில் தெருவின் குறுக்கே தொடர்ந்து கொண்டுபோய்விட்டார்கள். நடப்பவர் இறங்கி ஏற வேண்டாம். வண்டிதான் சரிவில் ஏறி, நடைபாதையைத் தாண்டி, மறுபக்கம் இறங்க வேண்டும். போலீஸ்காரர் வேண்டாம், போர்டு வேண்டாம். யார் வீட்டுக்குள் யார் விருந்தாளி என்பது சக்கரத்துக்கே தெரிந்துவிடும். அவர்களும் ஒரே நாளில் முடித்துவிடவில்லை. வலப்பக்கமிருந்து வரும் சைக்கிளுக்கும் காரைப் போலவே முன்னுரிமை என்று அங்கே எழுதியது 2001இல்தான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

இந்தியா முழுவதற்குமான முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914இல் வந்தது. நம் ஜி.டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தன் முதல் பஸ்ஸை விட்டபோது அந்தச் சட்டம்தான் நடப்பில் இருந்தது. பிறகு 1939 சட்டம். இதற்குப் பின்னால் பத்தாவது அட்டவணை என்று ஒன்று உண்டு. வண்டி ஓட்டும் முறைகளை வரிசையாகச் சொல்லும். அதில் ஆறாவது, ஏழாவது விதிகள் எங்களுக்கு மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம்.

ஆறாவது விதி, சாலைச் சந்திப்பையோ முக்கையோ நெருங்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும், அங்கே இருக்கும் ஆட்களுக்கு ஆபத்து இல்லை என்று தெரிந்த பிறகே நுழைய வேண்டும் என்றது. ஏழாவது விதி, மெயின் ரோடு என்று அறிவிக்கப்பட்ட ரோட்டில் நுழைந்தால் அதில் போகும் வண்டிகளுக்கு வழி விடு, மற்ற இடங்களில் உன் வலப்பக்கமிருந்து வருவோருக்கு வழி விடு என்றது. ஆறாவதில் 'ஆட்கள்' இருக்கிறார்கள், ஏழாவதில் 'வண்டிகள்' இருக்கின்றன. வண்டிக்கு வண்டி வழி விடுவது பற்றித் தெளிவாக எழுதியவர்கள், ஆளுக்கு வண்டி வழி விட வேண்டும் என்று எழுதவில்லை. ஆபத்து இல்லாமல் நுழை என்று மட்டும் சொன்னார்கள். ஹாரன் அடித்து ஆளை ஒதுக்கிவிட்டு நுழைந்தாலும் ஆபத்து இல்லாமல் நுழைந்ததாகத்தானே அர்த்தம் என்று வாதாடும் வக்கீல்கள் இருந்தார்கள்.

அந்தக் காலத்தில் ரோட்டில் அதிகம் இருந்தது சைக்கிள்தான். 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கிய பிறகு ஹெர்குலிஸ் இல்லாத தெரு கிடையாது. நம் ஊரில் மில் சங்கு ஊதினால் ரோடு தெரியாது, சைக்கிள்தான் தெரியும். ஆனால் போலீஸ் பிடித்ததும் சைக்கிள்காரரைத்தான். டபுள்ஸ் போனால் பிடிப்பார்கள். விளக்கு இல்லாமல் போனால் பிடிப்பார்கள், காற்றைப் பிடுங்கிவிட்டு நடக்க வைப்பார்கள். மண்ணெண்ணெய் விளக்கு காற்றில் அணைந்துபோயிற்று என்று சொன்னால், தொட்டுப் பார்த்துச் சூடு இருக்கிறதா என்று சோதிப்பார்களாம். அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். நகராட்சிக்குச் சைக்கிள் வரி கட்டி, வில்லை வாங்கி மாட்ட வேண்டும். வரியும் கட்டி, காற்றும் போய், முக்கில் முன்னுரிமை மட்டும் கிடையாது.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஊர், பெயர் எல்லாம் வேண்டாம். எண்பதுகளின் தொடக்கம். மில் தொழிலாளி ஒருவர் இரவு ஷிப்டு முடிந்து சைக்கிளில் ரோட்டின் இடது ஓரமாக வந்துகொண்டிருந்தார். பின்னாலிருந்து வந்த லாரி அவரைத் தாண்டி, உடனே இடது பக்கத் தெருவுக்குள் திரும்பிற்று. நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் போகாது. உள்ளே வெட்டிக்கொண்டு போகும். டிரைவர் முக்கைத் தாண்டிவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார், அந்த நேரத்தில்தான் பின்சக்கரம் முக்கில் இருப்பதை இழுத்துக்கொள்ளும். வலப்பக்கம் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு இடது பின்பக்கம் தெரியவும் தெரியாது. சைக்கிள்காரர் போய்விட்டார். வீட்டில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும்.

எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். டிரைவர் விதிப்படிதான் திரும்பினார் என்றார். இடது பக்கம் திரும்புகிறவர் எவ்வளவு முடியுமோ அவ்வளவு இடது ஓரமாக ஒட்டித் திரும்ப வேண்டும் என்று அதே பத்தாவது அட்டவணையில் இருக்கிறது. ஒட்டித் திரும்பினார், அந்த ஓரத்தில்தான் சைக்கிள் இருந்தது! பிறகு சாட்சியைக் கூண்டில் நிறுத்தி வழக்கமான கேள்விகள். சைக்கிளில் டைனமோ இருந்ததா? எரிந்ததா? பெல் அடித்தாரா? லாரி திரும்பப் போவதைப் பார்த்து அவர் ஏன் நிற்கவில்லை? செத்தவர் வந்து பதில் சொல்லவா முடியும்? மனுதாரர் தரப்பில் வாதாடிய வயதான வக்கீல் ஆறாவது விதியை எடுத்து, அதில் 'ஆட்கள்' என்ற வார்த்தையைத் திரும்பத் திரும்ப வாசித்தார். கடைசியில் ஆளுக்குப் பாதிப் பழி என்று தீர்ப்பாயிற்று. இறந்தவர் மேல் ஐம்பது சதவீதம் போட்டால் அந்தக் குடும்பத்துக்கு வர வேண்டிய பணத்தில் ஐம்பது சதவீதம் போயிற்று என்று பொருள். அந்த அம்மா தீர்ப்பைக் கேட்டுவிட்டு, "அவரு நேராத்தானுங்களே போனாரு" என்று வராந்தாவில் இருந்த எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்த வழக்குகளுக்கென்று தனித் தீர்ப்பாயங்கள் 1956 திருத்தத்தில் வந்தவை. ஆனால் ஓட்டியவர் மேல் தவறு என்று நிரூபித்தால்தான் பணம் என்ற நிலை ரொம்ப நாள் இருந்தது. உச்ச நீதிமன்றத்தில் வி.ஆர். கிருஷ்ணய்யர் இருந்த காலத்தில் இதைக் கடுமையாகவே எழுதினார். 1980இல் நம் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு பஸ் வழக்கில், சின்னச் சின்ன ஓட்டைகளைக் காட்டி ஓட்டுநர்களும் முதலாளிகளும் தப்ப விடக்கூடாது, கிரிமினல் கோர்ட்டில் விடுதலை ஆனாலும் இழப்பீடு தனி என்று அவர் சொன்னது எங்கள் ஆபீசில் பெரிய பேச்சாக இருந்தது. 1982 அக்டோபரிலிருந்துதான் யார் தவறு என்று பாராமல் இறப்புக்கு 15,000 ரூபாய், நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாய் என்று வந்தது. 1988 சட்டத்தில் இறப்புக்கு 25,000, பிறகு 1994இல் 50,000. இப்போது 2019 திருத்தப்படி ஐந்து லட்சம். மேலே சொன்ன குடும்பத்துக்கு இது எதுவும் இல்லை. அவர்கள் வழக்கு 1982க்கு முந்தியது.

1939 சட்டம் போய் 1988 சட்டம் வந்ததும், பத்தாவது அட்டவணைக்குப் பதிலாக 1989இல் சாலை விதிமுறைகள் என்று தனியாகப் போட்டார்கள். பழைய ஆறும் ஏழும் அங்கே எட்டும் ஒன்பதும் ஆயின. சந்தோஷப்படும்படி ஒன்று புதிதாக இருந்தது. பதினோராவது விதி: சிக்னலோ போலீஸோ இல்லாத பாதசாரி கடக்குமிடத்தில் பாதசாரிக்கே முன்னுரிமை. நடைபாதையிலும் சைக்கிள் பாதையிலும் வண்டி ஓட்டக்கூடாது என்றும் அதே விதியில் இருந்தது. முப்பத்தைந்து வருஷமாக இந்த முன்னுரிமை சட்டத்தில் இருக்கிறது. லைசென்ஸ் வாங்கியவர்களில் பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். 2017இல் அந்த விதிமுறைகளையும் மாற்றி எழுதினார்கள். பாதசாரி, சைக்கிள்காரர், குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் மேல் ஓட்டுநர் தனிக் கவனம் எடுக்க வேண்டும் என்று அதில் வெளிப்படையாகவே வந்துவிட்டது. முதியோர் என்ற வார்த்தையைப் பார்த்ததும் எனக்கு ஒரு திருப்தி. நம்மையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்களே!

எழுத்தில் இருப்பது இவ்வளவு. தரையில் என்ன இருக்கிறது? நம் ஊர் நடைபாதையைக் கவனித்திருப்பீர்கள். ஒவ்வொரு தெரு வாயிலும் அது அறுந்து, முக்கால் அடி இறங்கி, மறுபடி முக்கால் அடி ஏறுகிறது. முட்டி வலிக்காரர்கள் அதற்குப் பயந்தே ரோட்டில் இறங்கி நடக்கிறார்கள். டிரைவருக்கு அந்த அறுந்த நடைபாதை சொல்லும் சேதி, இது உன் இடம், அவர்கள் இறங்கித்தான் வர வேண்டும் என்பது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் பாதசாரி வசதிகளுக்கான வழிகாட்டியை 1988இலேயே வெளியிட்டு, 2012இல் திருத்தியும் விட்டது. சென்னை மாநகராட்சி 2014இல் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் முதலிடம் என்று கொள்கையே நிறைவேற்றியது. 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை திறந்தார்கள். போய்ப் பார்த்தேன், நடக்கச் சுகமாக இருக்கிறது. ஒரு பஜாருக்குக் கிடைத்தது ஊரின் மற்றத் தெருக்களுக்கும் வர எத்தனை காலமோ. 2019 திருத்தத்தில் 198ஏ என்று ஒரு பிரிவும் சேர்த்தார்கள். தரப்படி ரோடு போடாததால் சாவோ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான அதிகாரிக்கோ காண்டிராக்டருக்கோ ஒரு லட்சம் வரை அபராதம். என் காலத்தில் முக்கைக் கட்டியவர் கூண்டில் ஏறியதே இல்லை. ஓட்டியவரும் செத்தவரும்தான்.

இதில் நம் கோயம்புத்தூருக்கும் ஒரு பங்கு உண்டு. கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்குப் போட்டார். நசுங்கிய கைகால்களைத் தினமும் தைத்துக்கொண்டிருந்தவர், இவர்கள் என் மேஜைக்கு வராமல் இருக்க என்ன செய்வது என்று கேட்ட வழக்கு அது. 2014இல் அதன் பேரில் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் ஒரு கமிட்டி அமைந்தது. வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை. அதே வழக்கில்தான் 2025 மே 14ஆம் தேதி, தடையில்லாத நடைபாதையில் நடப்பது அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் ஒரு பகுதி என்று நீதிபதிகள் சொன்னார்கள். மத்திய அரசின் கணக்குப்படி 2022இல் மட்டும் இந்திய ரோடுகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நடந்து போனவர்கள் 32,825. சைக்கிளில் போனவர்கள் 4,836.

நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய சைக்கிள் வரி வில்லை யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். வருஷமும் நகராட்சியின் பெயரும் தெரிந்தால் நல்லது. என்னிடம் இருந்த ஒன்று வீடு மாற்றும்போது தொலைந்துவிட்டது. அடுத்த முறை டைனமோ விளக்கைப் பற்றி எழுத நினைத்திருக்கிறேன்.